பதினோராவது மனை

இன்று காலை தேரடியில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரரின் சட்டையிலிருந்து எரிந்த வெல்லப்பாகு வாசனை வந்தது. வேறு யாராவது இருந்தால், மனிதர் மிட்டாய்க் கடைக்காரர் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், அது வார்ப்படச் சாலை வாசனை. அச்சு மணல் இறுகுவதற்காக வெல்லப்பாகு கலப்பார்கள். காய்ச்சிய இரும்பு உள்ளே போனதும் அது கருகும். எத்தனை சோப்புப் போட்டாலும் மோல்டரின் சட்டையை விட்டுப் போகாது. உன் சட்டையும் அப்படித்தான் மணக்கும். நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

எனக்குக் கடிதம் எழுத வராது. ரிப்போர்ட் எழுதத்தான் வரும். நீ போய் பத்து மாதம் ஆகிறது. போனவனுக்கு எழுதுவது வீண் வேலை என்று எனக்கும் தெரியும். ஆனால் காலனியில் இப்போது ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். தாங்கல் கரையோரம் இருக்கும் நம் திடலை சர்க்கார் தானமாகக் கொடுத்தது என்கிறார் ஒருவர். புறம்போக்கு நிலம், யாரும் கேட்காததால் கிடக்கிறது என்கிறார் இன்னொருவர். நான் உயிரோடு இருக்கும்போதே இப்படி. நடந்தது என்ன என்று யாராவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். அதை உனக்கு எழுதினால்தான் பொய் கலக்காமல் எழுதுவேன். நீ சும்மா விடமாட்டாய்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எல்.சி.இ. டிப்ளமா முடித்து, நீ வேலை பார்த்த அதே தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் சேர்ந்திருந்தேன். உனக்கு என்னைவிட நாலைந்து வயது கூட. நான் புளியந்தோப்பில் ஒற்றை அறையில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். நீ ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இன்னொரு ஒற்றை அறையில் மேரி அண்ணியோடும் மூன்று பிள்ளைகளோடும் உன் அப்பா அம்மாவோடும் இருந்தாய். மழை பெய்தால் ராத்திரி முறை வைத்து உட்கார்ந்திருப்போம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால்தான் தொழிலாளர்கள் சேர்ந்து வீடு கட்டும் சங்கம் ஆரம்பித்தபோது நாம் இரண்டு பேரும் முதல் வாரத்திலேயே பெயர் கொடுத்தோம். ஃபவுண்டரி ஆட்கள், ஹார்பர் ஆட்கள், ரயில்வே ஆட்கள் எல்லோருமாக நூற்று முப்பத்திரண்டு பேர்.

திருவொற்றியூருக்கு மேற்கே, சடையங்குப்பம் போகிற பக்கமாக, ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கிழக்கே ரோடு, மேற்கே தாங்கல். மழைக்காலத்தில் நிரம்பி, சித்திரையில் வெடித்துக் கிடக்கிற சின்ன ஏரி. அதன் கரையோரம் மட்டும் பூவரசு மரங்கள் வரிசையாக நின்றன. மீதி எல்லாம் பொட்டல். மணலியில் ரீஃபைனரி வேலை தொடங்கியிருந்தது. லாரிகள் அந்த ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். சங்கத்தில் படித்த ஓவர்சீயர் வைக்க வசதி இல்லை. 'நான் அளந்து மனை பிரித்துக் கொடுக்கிறேன்' என்று முன்வந்தேன். அளவுச் செயின் பிடிக்க நீ வந்தாய்.

அளந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்து மறுநாள் வரைபடம் கொடுத்தாக வேண்டும் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். நூறடி செயின் ஒரு கான்டிராக்டரிடம் இரவல். முன்னால் போகிறவன் செயினை இழுத்துப் பிடித்து, அது முடிகிற இடத்தில் ஓர் இரும்பு ஊசியை நட்டுவிட்டு நகர்வான். பின்னால் வருகிறவன் அந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். முறைப்படி பத்து ஊசி இருக்கும், கையில் உள்ளதை எண்ணினாலே கணக்கு வந்துவிடும். நம்மிடம் இருந்தது வெல்டிங் கம்பியில் நீ வளைத்துக் கொண்டுவந்த நாலே நாலு. அதனால் எண்ணிக்கை வாயால்தான். நீ கத்துவாய், நான் புத்தகத்தில் எழுதுவேன். "ஜல்தி, ஜல்தி" என்று நான் விரட்டிய விரட்டில் நீ ஒருமுறை நின்று திரும்பி, "மாமு, நெலம் எங்கியும் ஓடாது. நீ ஏன் ஓடிகினு கீற?" என்றாய்.

"ஆறு" என்று நீ கத்தியபோது ஃபவுண்டரிச் சங்கு ஊதியது. உனக்கு அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட். ஏழாவது ஊசி அப்போதுதான் தரையில் நடப்பட்டு நின்றது. ஹார்பரில் காலை வேலை முடித்துவிட்டு வந்த காதரிடம், "ஆறு ஆச்சுபா" என்று சொல்லிவிட்டு நீ கிளம்பிவிட்டாய். காதர் உன் இடத்தில் நின்றார். ரோட்டிலிருந்து தாங்கல் கரை வரை ஒன்பது செயின், தொள்ளாயிரம் அடி என்று எழுதிக்கொண்டேன். அகலம் நானூற்று நாற்பது.

பத்திரத்தில் நிலம் பத்து ஏக்கர் என்று இருந்தது. என் கணக்கில் ஒன்பதுதான் வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பத்திரம் எழுதுகிறவன் எப்போதும் கூட்டித்தான் எழுதுவான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வரைந்து தள்ளினேன். பன்னிரண்டு வரிசை. வரிசைக்குப் பத்து மனை. ஒவ்வொன்றும் நாற்பத்துநாலுக்கு அறுபது. நடுத்தெருவில் இருந்த பழைய கிணற்றைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, 'பூங்கா' என்று எழுதிப் பச்சை மை தடவினேன். விதிக்குப் பச்சை வேண்டும், அவ்வளவுதான். நீ படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பச்சையில எத்தினி பேரு குந்தலாம்?" என்று கேட்டாய். நாலு பேர் என்றேன். "அப்ப கேரம் போர்டு போட்டுடு" என்றாய்.

மனை நூற்று இருபது, ஆள் நூற்று முப்பத்திரண்டு. குலுக்கல் நடந்தது. பன்னிரண்டு பேருக்கு வெறும் சீட்டு. அதில் நீ ஒருவன். எனக்குப் பதினோராவது வரிசையில் கடைசி மனை விழுந்தது. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீதான் வந்து தோளில் கை போட்டாய். "என் சீட்டுல எழுத்தே இல்ல மாமு. இவனுக்குப் படிக்கறது பேஜாருன்னு தெரிஞ்சி வெறுமனே உட்டுட்டாங்க போல." எல்லோரும் சிரித்தார்கள். மேரி அண்ணி சிரிக்கவில்லை. இடுப்புப் பிள்ளையை மாற்றிக்கொண்டு முன்னால் நடந்து போனாள்.

ஒரு மாதம் கழித்து, வரைபடத்தைத் தரையில் முளை அடித்துக் காட்டும் நாள் வந்தது. ரோட்டுப் பக்கமிருந்து தொடங்கினோம். பன்னிரண்டாவது வரிசையின் கடைசி முளையை அடித்துவிட்டு நிமிர்ந்தால், தாங்கல் கரை இன்னும் தள்ளி இருந்தது. படத்தின்படி முளை கரையில் இடிக்க வேண்டும். மறுபடி செயினைப் போட்டோம். சரியாக நூறடி. அந்த நூறடிக்குள்தான் பூவரசு வரிசை முழுதும் நின்றது.

நான் உன் மேல் பாய்ந்தேன். நீ காதர் மேல் பாய்ந்தாய்.

"ஆறுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. நான் அப்பால ஏழுலேந்து எண்ணுனேன்."

"நின்னுகினு இருந்த ஊசிய?"

"அது உன் ஷிப்டுல நட்டது. உன் கணக்குலதான வரணும்?"

"எப்டிபா என் கணக்கு? நான் புடுங்கவே இல்லியே!"

"தரையில எறங்கிடுச்சில்ல! எறங்குன லோடு எறக்குன கேங்குக்கு. ஹார்பர்ல அதான் சட்டம்."

நீ அப்படியே மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளக்கினாய். ஃபவுண்டரியில் அச்சுக்குள் இருக்கும் வார்ப்பு உங்கள் கணக்கில் சேராது. அடுத்த ஷிப்ட்காரன் அச்சை உடைத்து வெளியே எடுத்தால் அது அவன் கணக்கு. ஹார்பரில் அதற்கு நேர் எதிர். தரையைத் தொட்ட மூட்டை முந்தைய கேங்கின் கணக்கு. நின்றுகொண்டிருந்த அந்த ஊசி உன்னைப் பொறுத்தவரை இன்னும் அச்சுக்குள் இருந்தது. காதரைப் பொறுத்தவரை ஏற்கெனவே இறங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஒரு செயின் நிலம் இரண்டு ஷிப்டுக்கு நடுவில் விழுந்துவிட்டது.

"சங்கத்தில் கேட்டால் யார் தப்பு என்று சொல்வது?" என்றேன்.

"புக்கு யார் கையில இருந்துச்சி?" என்றாய். கோபமே இல்லாமல்.  சங்கத் தலைவரிடம் நானே போய், என் தப்பு, ஒரு தடவைதான் அளந்தேன், சரிபார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். "நூறடி கொறஞ்சிருந்தா உன்னைக் கொக்கியில மாட்டியிருப்பேன். கூட வந்துருக்கு, போ" என்றார்.

தலைவரிடம் போனது பிறகு. அன்றைக்குப் பகலில், காதர் டீ வாங்கப் போயிருந்தபோது, பூவரசு நிழலில் உட்கார்ந்து நான் அந்த நூறடிக்கு ஐந்து நிமிஷத்தில் ஒரு படம் போட்டேன். நடுவில் சின்னத் தெரு, இரண்டு பக்கமும் மனை. விடுபட்ட பன்னிரண்டு பேருக்கும் தாராளமாக இடம். முதல் மனையில் உன் பெயரை எழுதி உன்னிடம் நீட்டினேன். என் வாழ்க்கையிலேயே நான் ஒருவருக்குச் செய்கிற பெரிய நல்ல காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "மரத்த எங்க போட்டுருக்க?"

"மரமா? வெட்டணும்."

"அப்ப இது வாணாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். நீ பதில் சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. குரலை உயர்த்தவே இல்லை.

"எட்டு மணி நேரம் ஒலைக்கு முன்னால நிக்கிறேன் மாமு. வூட்டுக்கு வந்தா மேல அஸ்பெஸ்டாசு. நடுவுல ஒரு எடம் வாணாவா? நூத்தி முப்பது வூடு கட்டுவ. ஒரு கண்ணாலம்னா பந்தல் எங்க போடுவ? எவனாவது செத்தா ஜனம் எங்க நிக்கும்? புள்ளைங்க ஓடணும்னா லாரி ரோட்டுலயா ஓடும்? நீ போட்டுருக்குற பச்சையில நாலு பேரு குந்தலாம். அஞ்சாவது ஆளு இன்னா பண்ணுவான்?"

"உனக்கு வீடே இல்லையே! வீடு இல்லாதவன் ஏன் திடலைப் பற்றிக் கவலைப்படுகிறாய்?"

"வூடு இல்லாதவனுக்குத்தான் தெரியும், வெளில எவ்ளோ நேரம் இருக்க வேண்டியிருக்குன்னு."

நான் அப்போது ஒரு கேள்வி கேட்டேன். கொஞ்சம் குரூரமாகத்தான் கேட்டேன். "சரி, உன் வீட்டை நீ விட்டுக்கொடு. உன் இஷ்டம். மற்ற பதினொரு பேர் வீட்டை விட்டுக்கொடுக்க நீ யார்?"

நீ எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அந்த வாரம் உன் வீட்டுக்கு வந்தபோது மேரி அண்ணி என்னிடம் ஒரு பாட்டம் கொட்டினாள். "கேட்டியா தம்பி? வூடு தேடி வருது, இவுரு மரத்துக்கு வக்கீலு! அந்த மரத்தாண்டயே போய் படுத்துக்கச் சொல்லு. நானும் புள்ளைங்களும் இங்கியே ஒழுகுற தண்ணிய மொண்டு ஊத்திகினு கெடக்குறோம்." நீ கட்டிலில் உட்கார்ந்து தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாய். எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. சொல்லவும் செய்தேன். நீ இன்னொரு தீப்பெட்டியை எடுத்தாய்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிராயிங் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாய். உடம்பெல்லாம் கரி. உள்ளே வரக்கூடாது என்று மேஸ்திரி தடுத்தும் கேட்காமல் என் மேஜைக்கு வந்து, பத்துத் தீப்பெட்டியை ஓர் அட்டை மூடிக்குள் வரிசையாக வைத்தாய்.

"எங்க அச்சுப் பொட்டியில சின்ன வார்ப்பு பத்து வெப்போம். ஆர்டரு அர்ஜன்டுன்னா நடுவுல கீற மணல கொஞ்சம் நெருக்கிப் பதினொண்ணு வெப்போம். பொட்டி அதே பொட்டிதான்." விரலால் தள்ளி நெருக்கினாய். ஓரத்தில் இடம் உண்டானது. பதினோராவது பெட்டியை அதில் செருகினாய். "உன் வரிசையில நெருக்கிப் பாரு மாமு. எவ்ளோ போவும்?"

நானூற்று நாற்பதைப் பதினொன்றால் வகுக்க ஸ்லைடு ரூல் தேவையில்லை. நாற்பது. ஒவ்வொருவரும் நாலடி விட்டால் வரிசைக்கு ஒரு மனை கூடுகிறது. பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு மனை. வெளியே நின்ற பன்னிரண்டு பேரும் உள்ளே. நாற்பதுக்கு அறுபது என்றால் இரண்டாயிரத்து நானூறு சதுர அடி. ஒரு கிரவுண்டு. இம்மி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நான் உன்னைப் பார்த்தேன். படித்தவன் நான், மாதக்கணக்காக அந்தப் படத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் நான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று கேட்டுக்கொண்டேன். நிலம் போதவில்லை என்றால் இன்னும் நிலம் வேண்டும் என்றுதான் என் படிப்பு எனக்குச் சொன்னது. உள்ளே இருப்பவன் கொஞ்சம் நகரலாம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆனால் நகர்வார்களா? நூற்று இருபது பேரிடம், கையில் வந்துவிட்ட நிலத்திலிருந்து நாலடி கொடு என்று கேட்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் கேட்டால் சத்தம்தான் மிஞ்சும் என்றாய். வரிசை வரிசையாக, வீடு வீடாகப் போகலாம் என்றாய். நாற்பத்துநாலு அடிக்கு ஒரு கயிறு வெட்டி, நாற்பதாவது அடியில் சிவப்புத் துணி கட்டினாய். ஒருவர் வீட்டுக்குப் போனால் முதலில் சந்தில் கயிற்றை நீட்டிப் போடுவோம். சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாலடியைக் காட்டி, "இத்தாம்பா கேக்குறோம். ஒரு கட்டில் அகலம்" என்பாய். காகிதத்தில் நாலடி என்றால் மனிதர்களுக்கு அது ஏதோ பெரிய நிலம். தரையில் பார்த்தால் ஒரு கட்டில். நான் வரைபடத்தை விரித்துப் பேச ஆரம்பித்த இடங்களில் எல்லாம் வேலை கெட்டது. கயிறு பேசிய இடங்களில் நடந்தது.

தண்டையார்ப்பேட்டையில் ஒருவர், "நாலடியில நான் மாடு கட்டுவேன்யா" என்றார்.

"இப்ப கீற எடத்துல உன்னையே கட்டி வெக்க எடமில்ல. மாடு கேக்குதா நைனா?" என்றாய். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். அத்தோடு அந்த மாடு போயிற்று.

ரயில்வேக்காரர் ஒருவர் எங்களைத் திண்டாட வைத்தார். உழைத்து வாங்கியது, ஓரடிகூட விடமாட்டேன் என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். நீ என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாய். "சூட்டுல பொட்டியத் தொறக்காத மாமு. வெடிச்சிடும். ஆறட்டும்." ஒரு வாரம் விட்டுப் போனோம், மறுபடி ஒரு வாரம் விட்டுப் போனோம். மூன்றாவது தடவை அவரே, ஒரு நிபந்தனை என்றார். கரையில் ஒரு கொடுக்காப்புளி மரம் இருக்கிறதாம். பூவரசை எவ்வளவு வேண்டுமானாலும் காப்பாற்றிக்கொள்ளுங்கள், அதையும் யாரும் வெட்டக்கூடாது, அவர் பெண் அதன் கீழே காய் பொறுக்கிவிட்டு வந்ததிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார். நீ அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் அவருக்குத் தோள் வலித்திருக்கும்.

இரண்டு மாதம் ஆயிற்று. நூற்றுப் பத்தொன்பது பேர் சரி என்றார்கள். கைநாட்டும் கையெழுத்துமாக அந்தத் தாள்களை அடுக்கி என் மேஜையில் வைத்துவிட்டு நீ நின்றுகொண்டிருந்தாய். போகவில்லை.

"என்ன?" என்றேன்.

"ஒரு ஆளுகிட்ட இன்னும் கேக்கலியே."

யார் என்று பட்டியலைப் பார்த்தேன். நான்தான்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை எழுதாவிட்டால் இந்த மடலே பொய். மற்றவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். என் மனையும் நாற்பத்துநாலு அடி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டுக்கு நான் ஏற்கெனவே படம் போட்டிருந்தேன். பக்கவாட்டில் ஸ்கூட்டர் விட வழி. அந்தப் படத்தைப் பெண் வீட்டாரிடம் காட்டிப் பெருமையடித்தும் ஆயிற்று. "நான் சம்பளம் இல்லாமல் வேலை செய்திருக்கிறேன். என்னிடமுமா?" என்று கேட்டேன். கேட்டது காதில் விழுந்ததும் எனக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் வாபஸ் வாங்கவில்லை.

நீ வாதாடவில்லை. கயிற்றைச் சுருட்டி என் மேஜை மேல் வைத்துவிட்டு, "ஆறட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

மூன்று நாள். அந்தக் கயிற்றை எடுத்து டிராயருக்குள் போட்டால் மனசை அறுத்தது. மேஜையில் வைத்தால் கண்ணை அறுத்தது. நாலாம் நாள் புதுத் தாள் எடுத்து, நாற்பதடியில் என் வீட்டை மறுபடி வரைந்தேன். ஸ்கூட்டர் வழி போயிற்று. சமையலறை கொஞ்சம் ஒடுங்கிற்று. பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்துக்கு எனக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. ஷிப்ட் முடிந்து நீ வெளியே வரும் வாசலில் நின்று கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினேன். நீ வாங்கி மடித்து, "ஸ்கூட்டர என் வூட்டு வாசல்ல உடு" என்றாய். உனக்கு எந்த வரிசை என்றே அப்போது தெரியாது. பன்னிரண்டு பேருக்கும் தனியாகக் குலுக்கியபோது பதினோராவது வரிசையின் பதினோராவது மனை உனக்கு விழுந்தது. என் பக்கத்து மனை.

அப்புறம் பதினேழு வருஷம் நம் இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற சந்துதான். உன் டிரான்சிஸ்டர் பாடினால் என் வீட்டில் கேட்கும். நீயும் அண்ணியும் சண்டை போட்டால் நான் தீர்ப்பு எழுதிவிடலாம். என் ஸ்கூட்டர் உன் வாசலில்தான் நின்றது. திடலில் உன் பெரிய பெண்ணின் திருமணப் பந்தல் போட்டோம். மஞ்சள் காமாலை உன்னை மூன்றே வாரத்தில் கொண்டுபோனபோது மூன்று ஷிப்ட் ஆட்களும் அங்கேதான் வந்து நின்றார்கள். அத்தனை ஜனத்துக்கும் நிற்க இடம் இருந்தது. நான் எண்ணவில்லை. எண்ணிப் பார்க்கிற நிலையில் இல்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். புது நிர்வாகக் குழு வந்திருக்கிறது. எல்லாம் இளைஞர்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீடு போதவில்லை, தாங்கல் கரைத் திடலை மனை போடலாம் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடம் நிஜமாகவே போதவில்லை. நான் விடிய விடிய உட்கார்ந்து, மழைத்தண்ணீர் எங்கே வடியும், மட்டம் எவ்வளவு, மரத்தை எடுத்தால் கரை என்ன ஆகும் என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். வாசிக்க எழுந்தேன். முதல் பக்கத்திலேயே கூட்டம் கொட்டாவி விட்டது.

பின்னாலிருந்து மேரி அண்ணி எழுந்தாள். உன் பங்குக்கு இப்போது அவள்தான் உறுப்பினர். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"கட்டு நைனா. ஷோக்கா கட்டு. அதுக்கு மின்னாடி நூத்தி இருவது பேருக்கும் நாலு நாலு அடி திருப்பிக் குடுத்துட்டுக் கட்டு. அவுங்க நாலடிதான் அங்க மரமா நிக்குது. மொதல்ல இந்த இன்ஜினீருக்குக் குடு. ஸ்கூட்டரு என் வாசல்ல வெய்யில்ல காயுது."

 பழைய ஆட்கள் பக்கமிருந்து காதர் கை தட்ட ஆரம்பித்தார். ரயில்வேக்காரர் எழுந்து நின்றார். தீர்மானத்தைக் கொண்டுவந்த பையனே சிரித்துவிட்டான். அவனுடைய அப்பாவும் நாலடி விட்டவர்தான். அவனுக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது. நான் என் நாலு பக்கத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மறுபடி எழுந்து, யாருக்கு இடம் போதவில்லையோ அவர்களுக்கு மேலே மாடி எடுக்க நான் படம் போட்டுத் தருகிறேன், அஸ்திவாரம் தாங்குமா என்று வீடு வீடாக வந்து பார்க்கிறேன் என்றேன். இதுவரை பதினாலு வீடு பார்த்தாயிற்று. உன் வீட்டு அஸ்திவாரம் தாங்கும். உன் மகனிடம் சொல்லிவிட்டேன்.

நீ பெரிய ஆள் என்று இந்தக் காலனியில் கல்வெட்டு எதுவும் இல்லை. வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நான் தடுத்துவிட்டேன். கல் நடுகிற இடத்தில் ஒருவர் உட்காரலாமே என்று நீ கேட்டிருப்பாய். ஆனால் எனக்குப் பெருமை இருக்கிறது. மறைக்க மாட்டேன். வடசென்னையில் இத்தனை கட்டடம் எழும்புகிறது. என் கையாலும் எத்தனையோ எழும்பியிருக்கிறது. இரண்டு தொழிலாளிகள் ஆளுக்கொரு விதமாக எண்ணியதில் கிடைத்த நிலத்தை, ஒரு மோல்டர் நூற்று இருபது பேரிடம் நடையாய் நடந்து திடலாக்கிய இடம் இது ஒன்றுதான். அந்தக் கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்தவன் நான் என்பது என் சர்டிபிகேட் எதிலும் இல்லை. அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டியதும் இல்லை.

இப்போது மணலிப் பக்கமிருந்து இரண்டு சங்கங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். போனதும் எல்லோரும் நிலத்தைக் காட்டத்தான் அவசரப்படுகிறார்கள். ரோடு எங்கே, கிணறு எங்கே, எத்தனை மனை தேறும் என்று கேட்கிறார்கள். எனக்கு அவசரம் குறைந்துவிடவில்லை. இன்றைக்கும் கால் பரபரக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் நின்றுகொண்டு ஒன்றைக் கேட்கிறேன். சங்கத்தில் பெயர் கொடுத்தும் இடம் கிடைக்காமல் வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர்? அவர்களை முதலில் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறேன். அவர்கள் வந்து சேரும்வரை செயினை உதறி விரிக்க மாட்டேன்.